பாதிச் சாட்சி

எங்கள் மதினி ஞானவடிவு சாட்சி சொல்ல எழுந்தால், எங்கள் வேதக்கோயிலில் பெண்கள் பக்கத்து ஓலை விசிறிகள் அப்படியே நின்றுவிடும். தென்காசி வெயிலுக்கு விசிறியை நிறுத்துவது சாமானியக் காரியமில்லை. பாதிரி ஐயர் பிரசங்கத்துக்கே யாரும் நிறுத்தியதில்லை. சொல்லப்போனால் அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் விசிறிகள் வேகம் பிடிக்கும். மதினிக்கு நின்றன. "சின்ன வயசுலேருந்து என்னத் தண்ணியிலயும் தீயிலயும் தள்ளுன சத்துருவக் கர்த்தர் வெரட்டுனாரு" என்று தொடங்கி, முந்தானையை விலக்கி இடது கையைக் காட்டுவாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உருகி இழுத்துக்கொண்டு கிடக்கும். அடுப்பில் விழுந்த தழும்பு. முன்வரிசைக் கிழவிகள் "தோத்திரம்" என்பார்கள். அடுத்தாற்போல் சொல்லவேண்டிய ஒன்றை அவள் சொல்லமாட்டாள், சொல்லவிடவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் அடுக்களையில் கடுகு டப்பாவுக்குள் இருந்தது.

மதினி பிறந்தது திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில். அப்போது அவள் வடிவம்மாள். நிலபுலம் உள்ள சம்சாரிக் குடும்பம். அண்ணன் சங்கிலிப்பாண்டி போலீஸில் இருந்தான். அவள் பெரிய மனுஷியான வருஷம் பருத்திக் காட்டில் கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தாள். இன்றைக்கு என்றால் என்னிடம் படிக்கிற இரண்டாம் வகுப்புப் பிள்ளை கூட அதை வலிப்பு என்று சொல்லிவிடும். அன்றைக்குப் பேயோட்டுகிற கோடாங்கி வந்தான், வேப்பங்குழை வந்தது, பிரம்பு வந்தது. அடுப்பில் விழுந்து கை வெந்தபோது, உள்ளே இருப்பது பலி கேட்கிறது என்றார்கள். வெந்த கைக்கு மருந்து போடுவதற்கு முன்னால் கிடா வெட்டினார்கள்.

அதற்கும் கேட்கவில்லை என்றதும் குற்றாலம். சித்தம் கலங்கியவர்களை அருவிக்கு அடியில் நிறுத்தினால் தெளியும் என்று அந்தக் காலத்தில் எங்கிருந்தெல்லாமோ கூட்டிக்கொண்டு வருவார்கள். சீசன் கூட்டத்துக்கு நடுவே காலில் சங்கிலியோடு சிலர் குளித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இருக்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். வலிப்புக்காரியைக் கொட்டுகிற தண்ணீருக்குள் தள்ளுவதற்கு எவ்வளவு மூளை வேண்டும்! இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அண்ணன்காரன் பிடித்துக்கொள்ள, சாரல் சீசன் தோறும் அவளை ஐந்தருவியில் நிறுத்தினார்கள்.

அங்கேதான் எங்கள் அண்ணன் அவளைப் பார்த்தான். அண்ணன் ஞானசிகாமணி உபதேசியாராக இருந்தான். ஐயருக்குக் கீழே, சுற்றுவட்டாரத்துச் சின்னச் சபைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சீசனில் குற்றாலத்துக்கு வருகிற ஜனங்களுக்குச் சுவிசேஷம் சொல்ல ஐயர் ஆட்களை அனுப்புவார். ஐம்பத்திரண்டாம் வருஷம் அண்ணன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, அவள் பாறையில் விழுந்து வாயில் நுரையோடு துடித்துக்கொண்டிருந்தாள். ஆர்மோனியத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி, தலையை எடுத்து மடியில் வைத்து ஜெபித்தான். வலிப்பு நின்றது. ஜெபிக்காவிட்டாலும் சற்று நேரத்தில் நிற்கத்தான் செய்யும். ஆனால் அதுவரைக்கும் அவள் விழுந்தபோதெல்லாம் அடித்தவர்கள்தான் உண்டு, தலையை மடியில் வைத்தவர்கள் யாருமில்லை.

"கண்ண முழிச்சுப் பாக்கேன் நேசம், ஒரு ஆம்பிள அழுதுக்கிட்டு இருக்காரு. எனக்காகவாம்" என்று மதினி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவள் வேதத்துக்கு வந்தது அந்தக் கண்ணீருக்காகத்தான் என்பது என் எண்ணம். எங்கள் அண்ணன் அப்போது நல்லவன். இதைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு சொல்வதற்கு இடம் வராது.

ஜெபத்தோடு அவன் விட்டுவிடவில்லை. சங்கிலிப்பாண்டியிடம் கெஞ்சி, அவனையும் அவளையும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே டாக்டரம்மா ஒரு பொட்டலம் வெள்ளை மாத்திரை கொடுத்தாள். தினம் சாப்பிட்டுப் படுக்கவேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினாள். விழுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. வடிவம்மாள் ஞானஸ்நானம் எடுத்து ஞானவடிவு ஆனாள். அண்ணன் அவளையே கட்டிக்கொண்டான். சங்கிலிப்பாண்டி வந்து, எங்கள் குலத்தில் நீ செத்துப்போனாய் என்று கத்திவிட்டு, அந்தக் கயிற்றை முற்றத்தில் வீசிவிட்டுப் போனான். நல்ல கயிறு என்று மதினி அதைக் கிணற்று வாளிக்குக் கட்டிக்கொண்டாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி, கல்யாணம் ஆகாதவள், அவர்களோடுதான் இருந்தேன். நாத்தனாரும் மதினியும் ஒரே அடுக்களையில் சண்டையில்லாமல் இருந்தது தெருவில் பலருக்குப் பொறுக்கவில்லை.

முதல் சாட்சிக்கு முந்தின நாள் ஐயர் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தலைவலி என்று போனால் ஜெபமும் செய்வார், தைலமும் தடவச் சொல்வார். மதினி என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுச் சரிபார்க்க வந்தார். மதினி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்று ஒப்பித்தாள். அருவிக்கரை, ஜெபம், ஆஸ்பத்திரி, மாத்திரை.

ஐயர் போதும் என்று கையைக் காட்டினார். "ஜெபத்தோட நிறுத்திக்கோம்மா. ஜெபம் பண்ணினாங்க, கர்த்தர் சுகம் கொடுத்தார். அது போதும்."

"மாத்திரைய என்ன செய்ய ஐயா?"

"மாத்திரை செய்யப் புத்தி கொடுத்தது யாரு? கர்த்தர்தான? அப்ப அவரச் சொன்னா மாத்திரையையும் சொன்ன மாதிரிதான்."

"அப்பம் மாத்திரையையும் சொல்லிட்டா என்ன? கர்த்தரச் சொன்ன மாதிரிதான இருக்கும்?"

அண்ணன் சிரித்துவிட்டான். ஐயருக்குச் சிரிப்பு வரவில்லை. "கேக்கவங்க எல்லாரும் உன்ன மாதிரி நெனைக்கமாட்டாங்கம்மா. மாத்திரைதான் குணமாக்கிச்சுன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல. பாதிய விடச் சொல்லுதேன், அவ்வளவுதான்."

பாதியை விட்டாள். அன்றைக்கு முதல் மாத்திரைப் பொட்டலம் அலமாரியிலிருந்து கடுகு டப்பாவுக்கு இடம் மாறியது. சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்தால் அடுக்களை வரைக்கும் வந்து மூடியைத் திறந்து பார்ப்பார்கள். கடுகை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. அண்ணனே ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வருவான். சாப்பாடு முடிந்ததும் அவள் கடுகுக்குள் விரலை விட்டு ஒன்றை எடுப்பாள். அவன் தண்ணீர் கொடுப்பான். பிறகு மூவரும் ஜெபம் பண்ணிவிட்டுப் படுப்போம். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கும் மாத்திரைக்கும் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

ஆனால் சாட்சி வளர்ந்துகொண்டே போயிற்று. இலத்தூரில் சொன்னாள், செங்கோட்டையில் சொன்னாள். இலத்தூர் இசக்கியப்பன் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் எடுத்தது இவள் கைத் தழும்பைப் பார்த்துத்தான். அண்ணனைச் சுகம்பெற்றவளின் புருஷன் என்று ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மனிதனுக்கு அது ருசிக்காமல் இருக்குமா? கொஞ்சம் கொஞ்சமாக அவனும் அந்தப் பாதிக் கதையை முழுக் கதையாகவே சொல்லத் தொடங்கினான். அருவிக்கரையில் அவன் கையை வைத்தான், அவள் எழுந்தாள், அதோடு சரி.

அறுபத்தொன்றாம் வருஷத்துச் சாரலில் பிரதர் எலியேசர் வந்தார். எந்த ஊர், எந்தச் சபை என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. வெள்ளை ஜிப்பா, கண்ணீர் நிற்காத குரல், குற்றாலத்தில் பெரிய பந்தல். வியாதி என்பதே கிடையாது, எல்லாம் அசுத்த ஆவி, அதோடு யுத்தம்தான் செய்யவேண்டும், மருந்து குடிப்பது சத்துருவாகிய சாத்தானோடு சமாதானம் பேசுவது என்று அவர் போதித்தார். மேடைக்கு அடியில் மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு எகிப்துப் பெட்டி என்று பெயர், இஸ்ரவேல் ஜனங்கள் அடிமைத்தனத்தை எகிப்தில் விட்டுவந்த மாதிரி மருந்தை விட்டுவிட்டுப் போகிற பெட்டி. விசுவாசம் வந்தவர்கள் மருந்துப் புட்டி, கஷாயச் செம்பு, மூக்குக்கண்ணாடி, ஊன்றுகோல் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுப் போகவேண்டும். கண்ணாடியைப் போட்ட ஒரு கிழவர் இறங்குகிறபோது படி தெரியாமல் விழுந்தார். அதற்கும் ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள்.

எங்கள் ஐயர் முதலில் கோயிலில் இதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். வைத்தியனும் கர்த்தருடைய கைதான், ஜெபமும் மருந்தும் இரண்டு கை என்றெல்லாம் நன்றாகவே பேசினார். கேட்கத்தான் ஆளில்லை. பாதிச் சபை பந்தலில் இருந்தது. ஒரு மாதம் போல் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆடுக எல்லாம் அங்கன மேயுது, மேய்ப்பன் மட்டும் இங்கன நின்னு என்ன செய்ய?" என்று அவரும் மேடையில் போய் உட்கார்ந்தார். போனவர் சும்மாவும் இருக்கவில்லை. சுகம் கொடுப்பது இந்தப் பிரதர் கொண்டுவந்த புதுச் சரக்கு இல்லை, எங்கள் கோயிலில் முன்பே நடந்திருக்கிறது என்று காட்டவேண்டும் அவருக்கு. மதினியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

மதினி வழக்கம்போலச் சொன்னாள். தழும்பைக் காட்டினாள். பந்தல் கொந்தளித்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். மாரித்தாய் என்று பெயர். ஐந்தருவியில் எண்ணெய், சீயக்காய் விற்கிறவள். அவள் புருஷன் அங்கே குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்காது. கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அக்கா, எனக்கும் இதே இழுப்புத்தான். ஒங்களுக்குத் திரும்ப வரவேயில்லியா?"

"வரல" என்றாள் மதினி.

"மாத்திரை ஒண்ணும் இல்லாமலா?"

மதினியின் கண் அந்தப் பொட்டலத்தில் இருந்தது. எனக்கும் தெரிந்தது, அதே ஆஸ்பத்திரி, அதே பழுப்புக் காகிதம், அதே மாத்திரை. எலியேசர் மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். அவள் ஐயரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தாள். அவன் கெஞ்சுகிற மாதிரி தலையை ஆட்டினான்.

"கர்த்தர் சுகமாக்குனாரு" என்றாள் மதினி. மைக் அதைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோயிற்று. மாரித்தாய் பொட்டலத்தை எகிப்துப் பெட்டிக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு மதினிக்குச் சோறு இறங்கவில்லை. கடுகு டப்பாவைத் திறப்பாள், மூடுவாள். "அவ மாத்திரைய நிப்பாட்டிட்டு நான் முழுங்குதேனே நேசம்" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஊருக்கெல்லாம் சொல்லாவிட்டாலும் அவளிடம் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அண்ணனிடம் கேட்டாள். அவன் குதித்தான்.

"அவகிட்டச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிதான். இத்தன வருஷமாச் சொன்னது என்னாகும்? இலத்தூர் இசக்கியப்பன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? என்ன உபதேசியார் வேலைல வச்சிருப்பாங்களா?"

"அவ விழுந்துருவாளே. அவ பொழப்பே தண்ணிக்குப் பக்கத்துல."

"விழமாட்டா. நாம ஜெபிப்போம்."

அவன் பயந்து சொன்னானா, நம்பிச் சொன்னானா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். அந்தக் கலவைதான் ஆளைக் கொல்லும்.

மதினி அவனுக்குத் தெரியாமல் கிளம்பினாள். நானும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். தன் மாத்திரையில் பாதியைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். ஐந்தருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். மாரித்தாய் ஓலைப் பந்தலுக்கு அடியில் எண்ணெய்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். மதினி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தான் இன்றுவரைக்கும் மாத்திரை சாப்பிடுவதை, ஐயர் விடச் சொன்னதை, டாக்டரம்மா சொல்லி அனுப்பியதை. பிறகு இடுப்பிலிருந்து மடிப்பை எடுத்து நீட்டினாள்.

மாரித்தாய் கையை நீட்டவில்லை. பின்னால் நகர்ந்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"பிரதர் சொன்னது சரியாத்தான் இருக்கு. சொகம் கெடச்ச ஒடனே சத்துரு தேடி வருவான்னாரு. தெரியாத மொகத்தோட வரமாட்டானாம், நமக்குப் பிரியமானவங்க மொகத்தோடதான் வருவானாம்."

"ஏட்டி, நான்தாம்ட்டி! ஞானவடிவு! இந்தா பாரு" என்று மதினி தழும்பைக் காட்டினாள்.

"அதையுங் காட்டுவான்" என்றாள் மாரித்தாய். இன்னும் ஓரடி பின்னால் போனாள். "அக்கா வாயால சாட்சி கேட்டேன். அந்த வாயி இப்படிப் பேசாது. நீ போயிரு. எங்க வீட்டுக்காரர் வாரதுக்குள்ள போயிரு."

மதினி மடிப்பைச் சீயக்காய்ப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துவிட்டுத் திரும்பினாள். நான் பின்னால் பார்த்தேன். மாரித்தாய் அதை ஒரு குச்சியால் தள்ளி ஓடைக்குள் விட்டாள், பாம்பைத் தள்ளுகிற மாதிரி.

சில நாள் கழித்து அவள் அதே ஓடையில் எண்ணெய்ப் புட்டி கழுவப்போய்க் குப்புற விழுந்து செத்துக் கிடந்தாள். கணுக்கால் நனைகிற தண்ணீர். பக்கத்தில் நூறு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி துணி துவைக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். எலியேசர் அன்றைய கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லாமல், விசுவாசத்தில் பாதி வழியில் திரும்பிப் பார்த்த ஒரு சகோதரியைச் சத்துரு அடித்துப்போட்டான் என்று பேசினார். திரும்பியே பார்க்காதவளை அப்படிச் சொன்னார். மதினியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், யாரும் கூப்பிடாமலே எழுந்தாள். விசிறிகள் நின்றன. அவள் தழும்பைக் காட்டவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கடுகு டப்பாவை எடுத்தாள்.

"கர்த்தர் எனக்குச் சொகம் குடுத்தாரு. இதுல வச்சுத்தான் குடுத்தாரு. நான் தினமும் மாத்திரை சாப்பிடுதேன். இதச் சொல்லாம விட்டதுனால மாரித்தாய் செத்தா. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுதவங்க இங்கன யாரும் இருந்தா நிப்பாட்டாதீங்க."

இவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, குரல்கூட உயரவில்லை. முன்வரிசையிலிருந்து சபை மூப்பர் ஒருவர் எழுந்து, "இது நம்ம ஞானவடிவு பேசுத பேச்சு இல்ல" என்றார். "பொய்யின் ஆவி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் மறைத்தாள். ஆர்மோனியக்காரன் யாரும் சொல்லாமலே வாசிக்கத் தொடங்கினான். மதினி ஐயரைப் பார்த்துத் திரும்பினாள். அந்தக் கோயிலில் எங்கள் மூவரைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சகோதரிக்காக ஜெபிப்போம்" என்று ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. மதினி டப்பாவைப் பிடித்தபடி நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் அன்றைக்கே எலியேசரைக் கூட்டிவந்தான். குற்றாலத்தில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஜெபவீட்டில் வைத்து மதினிக்குள் இருக்கிற பொய்யின் ஆவியை விரட்ட உபவாச ஜெபம் என்று முடிவானது. அண்ணன் டப்பாவைப் பிடுங்கி எறிந்தான். அடுக்களை முழுக்கக் கடுகு சிதறியது.

"டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சா அண்ணே? திடீர்னு நிப்பாட்டுனா செத்துருவான்னு ஒங்கிட்டத்தான சொன்னா? தண்ணி எடுத்துக் குடுத்தது நீதான? ஒங்கையாலதான குடுத்த?" என்று நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மாரித்தாயின் பயம் இருந்தது. "ஒனக்குள்ளயும் அது பூந்துட்டு, ஏட்டி" என்றான்.

மதினி சண்டை போடவில்லை. போகிறபோது என்னிடம், "மொத நாளு அவுக மடியிலதான் கண் முழிச்சேன். அவுக என்னச் சாக விடமாட்டாக" என்றாள். நான் தரையிலிருந்து மாத்திரைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு மறுநாள் ஜெபவீட்டுக்குப் போனேன். அவிசுவாசி உள்ளே வந்தால் ஜெபம் தடைப்படும் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த நாளும் போனேன். அன்றைக்கு உள்ளேயிருந்து சத்தம் தெரு முனைவரைக்கும் கேட்டது. இத்தனை வருஷம் வராத வலிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு அது போதாதா? பார்த்தாயா, உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது என்று கைதட்டிப் பாடி, வெளியே வா, வெளியே வா என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். கோடாங்கி கையில் வேப்பங்குழை இருந்தது. இவர்கள் கையில் வேதம் இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்த்தேன். ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் கண்ணைத் திறந்தாள். அடையாளம் தெரிந்தது போலிருந்தது.

"நேசம்... மாரித்தாய்ட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் மதினி" என்றேன். மறுபடி இழுத்துக்கொண்டது.

ஓடினேன். பஸ் பிடித்து, கையில் காலில் விழுந்து, ஆஸ்பத்திரி ஜீப்பில் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வரும்போது பாட்டு நின்றிருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். எப்போது மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். அறை நிறைய ஆட்கள் இருந்தும் நான்தான் சொன்னேன். அண்ணன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டுதான் இருந்தான்.

ஐயர் அடக்க ஆராதனையில், நல்ல போராட்டத்தைப் போராடி முடித்த சகோதரி என்றார். கடைசி நேரத்தில் ஆவி அலறிக்கொண்டு வெளியேறியது, முகம் தேவதூதனைப் போலப் பிரகாசித்தது என்று எலியேசரின் ஆட்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அவளைக் குளிப்பாட்டியது நான். நாக்குக் கடிபட்டு, உதடு கிழிந்து, பிடித்து அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போய் இருந்தது. முகத்தைத் துடைக்கவே எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்த சாரலிலும் பந்தல் போட்டார்கள். அண்ணன் உபதேசியார் வேலையை விட்டுவிட்டு எலியேசரோடு சேர்ந்துகொண்டான். அதே வெள்ளை ஜிப்பா. அவனோடு பேச்சுவார்த்தை இல்லை, நான் தனி வீடு பார்த்துப் போய்விட்டேன். ஆனாலும் அன்றைக்குப் போனேன். கடுகு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய், எகிப்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அண்ணன் மேடையில் மதினியின் விடுதலையைப் பற்றிச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான். உருக்கமாகத்தான் சொன்னான். கடுகு டப்பா அதில் வரவில்லை.

சாட்சி முடிந்ததும் ஜனங்கள் பெட்டிக்கு வரத் தொடங்கினார்கள். இலத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய், பதினைந்து வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பெண்ணின் நெற்றியில் விழுந்த காயம், தையல் இன்னும் பிரிக்கவில்லை. தாயின் மறுகையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாத தாயி. இவரு சொன்னாரே, அவ எங்க மதினி. பத்து வருஷம் இதே மாத்திரை சாப்பிட்டுத்தான் நல்லா இருந்தா. நிப்பாட்டுனதும் செத்தா. இந்தா, அவ டப்பா" என்று திறந்து காட்டினேன்.

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். மேடையிலிருந்து அண்ணனும் எட்டிப் பார்த்தான். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். பிறகு கையை வெடுக்கென்று உதறிக்கொண்டு, பந்தலுக்கே கேட்கிற மாதிரி, "அப்பாலே போ, சாத்தானே!" என்று கத்தினாள். கூட்டம் அல்லேலூயா என்றது. இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

தள்ளும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அந்தத் தாய் பெட்டிக்கு மேல் குனிந்தாள், நிமிர்ந்தாள். நிமிர்கிறபோது பொட்டலம் அவள் மடிக்குள் போனது. மகளை முன்னால் விட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போலவே இரண்டு கையையும் உயர்த்தித் தோத்திரம் சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.